மருத்துவம் பிசகும் திகில் நாவல்: கேஸ் ஷீட்டிலிருந்து தொடங்குங்கள்

மருத்துவத் திகில் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். கதையை முழுதாக யோசித்துவிட்டு, பிறகு அதில் ஒட்டுவதற்கு மருத்துவத்தைத் தேடுகிறார்கள். நாற்பதாம் பக்கத்தில் ஒரு டாக்டர் ஊசி போடுகிறார். அந்த ஊசியில் என்ன இருந்தது என்று எழுதியவருக்கே தெரியாது. தெரியாததைப் புகைமூட்டமாக எழுதினால் மர்மம் வந்துவிடும் என்று நம்புகிறார்கள். வருவது குழப்பம் மட்டுமே.

நான் ஒன்பது ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் ஆவண அறையில் வேலை பார்த்தவன். அதன்பிறகு இந்த வகையில் நான்கு நாவல்கள் எழுதினேன். முதலாவதை இன்று எடுத்துப் படிக்க எனக்கே தைரியம் இல்லை. புதியவர்களின் கைப்பிரதிகளைப் படித்துத் திருத்திக் கொடுத்ததில் பிடிபட்ட வரிசை இது. வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நீள நோட்டு, ஒரு காலண்டர், பேச ஒப்புக்கொண்ட ஒரு மருத்துவமனை ஊழியர். இவ்வளவு போதும்.

காலண்டர் எதற்கு? மருத்துவத்தில் எல்லாமே நாள் கணக்கு. பரிசோதனை முடிவு எத்தனை நாளில் வரும், நோய் வெளிப்பட எத்தனை மாதம் ஆகும், பொங்கல் விடுமுறையில் யார் ட்யூட்டியில் இருந்தார்கள் என்பதெல்லாம் பின்னால் கதையின் முடிச்சாக மாறும். காலண்டரில் குறிக்காமல் எழுதியவர்களின் நாவலில் ஞாயிற்றுக்கிழமை புறநோயாளிப் பிரிவு ஜேஜே என்று இயங்குகிறது.

ஊழியர் என்று நான் சொல்வது டாக்டரை அல்ல. டாக்டரிடம் கேட்டால் என்ன நடக்க வேண்டும் என்பதைச் சொல்வார். என்ன நடக்கிறது என்பது சிஸ்டருக்கும் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியனுக்கும்தான் தெரியும். அவர்களிடம், "வேலை நெருக்கும்போது எந்த வேலையை முதலில் விடுவீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நாவல் அந்தப் பதிலில் இருக்கிறது. எந்த நோயாளியின் விவரத்தையும் கேட்காதீர்கள். அவர்கள் சொல்ல வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

2. பிசகை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

கதைச் சுருக்கம் வேண்டாம், பிசகு மட்டும். எங்கே, எந்தச் செயலில், எது தவறியது என்பது ஒரு வாக்கியத்துக்குள் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் உங்களிடம் இரண்டு நாவல்கள் இருக்கின்றன, அல்லது ஒன்றுமே இல்லை.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன்: "மூளை அறுவை சிகிச்சைக் கருவிகள் விதிப்படி சுத்தம் செய்யப்பட்டன, ஆனால் அந்த நோய்க்கு அந்தச் சுத்தம் போதாது."

நோய், குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப். சுருக்கமாக சி.ஜே.டி. பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கோ இருவருக்கோ வருவது. மூளையில் இயல்பாக உள்ள ஒரு புரதம் வடிவம் பிறழ்ந்து, பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப்போலவே பிறழச் செய்கிறது. இப்படிப் பிறழ்ந்த புரதத்துக்கு 1982இல் ஸ்டான்லி புரூசினர் பிரையான் என்று பெயர் வைத்தார். அறிகுறி தொடங்கிவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டுகூட இல்லை. மருந்தும் இல்லை.

இதில் நாவலாசிரியருக்கு வேண்டிய இடம் எது என்று பாருங்கள். கருவிகளை அழுத்த நீராவியில் சுத்திகரிக்கும் இயந்திரம் ஆட்டோகிளேவ். அதன் வழக்கமான சுழற்சி 121 டிகிரி செல்சியஸ், பதினைந்து நிமிடம். பாக்டீரியாவுக்கும் வைரஸுக்கும் அது போதும். பிரையானுக்குப் போதாது, 134 டிகிரியில் பதினெட்டு நிமிடம் வைக்க வேண்டும், அல்லது கடுமையான காரக் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். உடல் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மால்டிஹைடு கரைசலான ஃபார்மலினோ அதை அழிப்பதற்குப் பதிலாக இறுக்கிக் காப்பாற்றிவிடுகிறது.

இது கற்பனை இல்லை. 1970களில் சூரிச்சில் ஒரு சி.ஜே.டி. நோயாளியின் மூளையில் வைத்த மின்முனைகளை ஆல்கஹாலிலும் ஃபார்மால்டிஹைடு ஆவியிலும் சுத்தம் செய்து, வலிப்பு நோய்க்கு வந்த இளைஞர்கள் இருவருக்குப் பயன்படுத்தினார்கள். இருவருக்கும் சி.ஜே.டி. வந்தது. பின்னர் அதே மின்முனைகளை ஒரு சிம்பன்ஸியின் மூளையில் வைத்துப் பார்த்தபோது அதற்கும் வந்தது. இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. அவற்றைத் திரும்பத் திரும்பச் சுத்தமும் செய்திருந்தார்கள்.

புதியவர்கள் செய்யும் தவறு: பிரையானைக் "கிருமி" என்று எழுதுவது. கிருமி என்றதும் வாசகர் மனதில் ஆன்டிபயாடிக் வந்துவிடுகிறது, தப்பிக்க ஒரு வழி திறந்துவிடுகிறது. உயிரே இல்லாத ஒன்றை எப்படிக் கொல்வது என்பதுதான் இங்கே பயம். தவறான ஒரு சொல் அதைக் கெடுத்துவிடுகிறது.

3. ஒரு பொய்க்கு மட்டும் அனுமதி

நாவல் முழுவதிலும் அறிவியலை மீறி ஒரே ஒரு பொய் சொல்லலாம். எங்கள் உதாரணத்தில் அதுகூடத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டால் அதை முதல் கால்பகுதிக்குள் சொல்லிவிடுங்கள். கடைசி அத்தியாயத்தில் புதிய மருந்து, புதிய கதிர், இரட்டைச் சகோதரர் என்று வந்தால் அதுவரை கட்டியதெல்லாம் சரிந்துவிடும்.

4. கேஸ் ஷீட்டை எழுதுங்கள்

இதுதான் முக்கியமான படி. கிட்டத்தட்ட எல்லோரும் தாண்டிப் போவதும் இதையே.

நாவலின் ஒரு வரிகூட எழுதுவதற்கு முன், பாதிக்கப்படும் நோயாளியின் முழுக் கோப்பையும் எழுதி முடியுங்கள். சேர்க்கைப் பதிவு, ஒப்புதல் படிவம், டாக்டரின் குறிப்புகள், ஷிப்டுக்கு ஷிப்ட் சிஸ்டர் எழுதும் குறிப்பு, காய்ச்சல் அட்டவணை, அறுவை சிகிச்சைப் பதிவு, டிஸ்சார்ஜ் சம்மரி, பில். இருபது பக்கம் வரும். அதில் ஒரு பக்கம்கூட அப்படியே நாவலுக்குள் போகாது. பரவாயில்லை.

ஏன் இந்த உழைப்பு? கோப்பு எழுதும்போது இரண்டு காரியம் நடக்கிறது. முதலாவது, உங்களுக்குத் தெரியாத இடமெல்லாம் வெற்றுக் கட்டமாகக் கண்ணில் படுகிறது. "நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள்" என்று கதையில் எழுதித் தப்பித்துவிடலாம். கோப்பில் முடியாது, எந்த மருந்து, எத்தனை மணிக்கு, யார் கையெழுத்து என்று கட்டம் கேட்கிறது. அந்தப் பட்டியலுடன்தான் ஊழியரிடம் போக வேண்டும்.

இரண்டாவது, கோப்பு பொய் சொல்லும் விதம் பிடிபடுகிறது. ஆவண அறையில் நான் கற்றது இது. அப்பட்டமான பொய் கோப்பில் அரிதாகத்தான் இருக்கும். "நோயாளி அமைதியாக இருந்தார்" என்று இரவு இரண்டு மணிக்கு ஒரு வரி இருக்கும். அமைதியாக இருந்தாரா, பதில் சொல்ல முடியாமல் கிடந்தாரா? அந்த வரி இரண்டுக்கும் பொருந்தும். உங்கள் நாவலின் ஒரு முழு அத்தியாயத்தை அந்த ஒரு வரிக்குள்ளிருந்து எடுக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் ஊர் மருத்துவமனைகளில் கோப்பு கிட்டத்தட்ட முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் இருப்பது பெரும்பாலும் ஒப்புதல் படிவம் மட்டும்தான். அதாவது, நோயாளியின் குடும்பம் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே தாள், "என்ன நடந்தாலும் எங்களுக்குச் சம்மதம்" என்று அவர்களையே சொல்ல வைக்கும் தாள். இந்த ஒரு விஷயத்தை வைத்து யாராவது நல்ல அத்தியாயம் எழுதுவார்கள் என்று வருடக்கணக்கில் காத்திருக்கிறேன்.

நம் உதாரணத்தில் இரண்டு கோப்புகள் வேண்டும். ஒன்று முதல் நோயாளியுடையது: ஞாபகம் குழம்பி வந்தவர், கட்டியாக இருக்குமோ என்று மூளையிலிருந்து சதை எடுத்துச் சோதிக்கிறார்கள், முடிவு சில வாரம் கழித்து வருகிறது. மற்றது, அந்த இடைவெளியில் அதே கருவித் தொகுப்பால் அறுவை செய்யப்பட்ட ஒரு தையல் ஆசிரியையுடையது. இந்த இடைவெளியை நான் கண்டுபிடிக்கவில்லை. 2013இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இப்படித்தான் ஆயிற்று, சி.ஜே.டி. என்று பின்னர் சந்தேகிக்கப்பட்ட ஒருவருக்குப் பயன்பட்ட கருவிகள் மற்றவர்களுக்கும் பயன்பட்டிருந்ததால், எட்டுப் பேருக்குச் செய்தி சொல்ல வேண்டி வந்தது.

5. யாருக்கு எந்த நாளில் தெரியும்

நோட்டில் கோடு போட்டு, இடப்பக்கம் பாத்திரங்களின் பெயர்களையும் மேலே தேதிகளையும் எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஆளுக்கு அன்றைக்கு என்ன தெரியும் என்று நான்கு சொல்லில் குறியுங்கள். திகில் உண்டாவது இந்தக் கட்டங்களின் வித்தியாசத்தில்தான்.

மார்ச் 4 முதல் நோயாளிக்கு அறுவை. ஏப்ரல் இரண்டாம் வாரம் சோதனை முடிவு. நோயியல் டாக்டருக்குத் தெரிகிறது. மறுநாள் நிர்வாகத்துக்கு. கருவிகளைச் சுத்தம் செய்யும் சி.எஸ்.எஸ்.டி. பிரிவுக்கு, "அந்தத் தொகுப்பைத் தனியே எடுத்து வை" என்ற உத்தரவு மட்டும் வருகிறது, காரணம் வரவில்லை. தையல் ஆசிரியைக்கு? அவர் கட்டம் காலியாகவே நகர்கிறது, மாதக்கணக்கில்.

இந்த இடத்தில்தான் கதையின் நிஜமான கேள்வி வருகிறது. அறிகுறி இல்லாத ஒருவருக்குத் தொற்றியிருக்கிறதா என்று சொல்லும் பரிசோதனை இல்லை. சிகிச்சையும் இல்லை. தொற்றியிருக்காமலும் இருக்கலாம். அப்படியானால் சொல்வதா, விடுவதா? சொன்னால் அவர் இனி இரத்தம் கொடுக்கக் கூடாது, எந்த அறுவைக்குப் போனாலும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அதைக் கேட்ட மறுகணம் எத்தனை மருத்துவமனைகள் கதவைச் சாத்தும் என்று யோசியுங்கள். சொல்லாவிட்டால், அடுத்த மருத்துவமனையின் கருவிகளும் போயிற்று.

காலண்டரைப் பாருங்கள். சூரிச் நோயாளிகளுக்கு இரண்டு ஆண்டுக்குள் நோய் வெளிப்பட்டது. இறந்தவர்களின் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த வளர்ச்சி ஹார்மோன் ஊசி குழந்தைகளுக்குப் போடப்பட்டதே, 1985இல் நிறுத்தும் வரை, அந்த வழியில் சிலருக்கு முப்பது ஆண்டு கழித்துக்கூட வந்தது. உங்கள் நாவல் இரண்டு ஆண்டுக் கதையா, முப்பது ஆண்டுக் கதையா என்பதை இந்தப் படியிலேயே முடிவு செய்யுங்கள். பின்னால் மாற்றினால் எல்லாருடைய வயதும் மாறும்.

6. கதையை யார் தோளில் ஏற்றுவது

புதியவர்கள் உடனே அறுவை மருத்துவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், இல்லையென்றால் துப்பறியும் நிருபரை. இருவரும் வேண்டாம். மருத்துவருக்கு மிக அதிகம் தெரியும், நிருபருக்கு உள்ளே வேலை இல்லை.

சி.எஸ்.எஸ்.டி. பிரிவில் கருவி அடுக்கும் ஒருவரை எடுங்கள். அவர் ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒட்டும் டேப்பில் கோடுகள் இருக்கும்; ஆட்டோகிளேவின் சூட்டில் அவை கறுத்துவிடும். கறுத்திருந்தால் உள்ளே போய் வந்தது என்று பொருள். அந்த டேப்பைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் தன் வேலை சரி என்று நம்புகிறார். டேப்பும் பொய் சொல்லவில்லை. அது வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இவருக்கு எல்லாம் தெரியவும் கூடாது, ஒன்றும் தெரியாமலும் இருக்கக் கூடாது. தொகுப்பின் எண் அவருக்குத் தெரியும். பதிவேடு அவர் கையில் இருக்கிறது. அந்த எண் எத்தனை முறை தியேட்டருக்குப் போய் வந்தது என்று விரல் வைத்து எண்ணக்கூடியவர் அந்தக் கட்டடத்திலேயே அவர் ஒருவர்தான்.

7. வில்லனை விரட்டுங்கள்

வெறிபிடித்த விஞ்ஞானி, இரகசியச் சோதனைக்கூடம், நடுராத்திரிச் சிரிப்பு எதுவும் வேண்டாம். கெட்டவன் ஒருவன் இருந்தால் வாசகர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார். அவனைப் பிடித்தால் தீர்ந்தது. எல்லாரும் தத்தம் வேலையைச் செய்தும் இப்படி நடந்தது என்றால் தூக்கம் வராது.

லண்டனில் 2006 மார்ச்சில் நடந்ததை இதற்காகவே படியுங்கள். டி.ஜி.என். 1412 என்ற மருந்தை முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆரோக்கியமான இளைஞர்கள் எட்டுப் பேர். இருவருக்கு வெறும் கரைசல், ஆறு பேருக்கு மருந்து. விலங்குகளில் பாதுகாப்பானது என்று கண்ட அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். அனுமதி இருந்தது, படிவம் இருந்தது. ஒருவருக்குப் போட்டுச் சில நிமிடத்திலேயே அடுத்தவருக்கு என்று வரிசையாகப் போட்டுக்கொண்டு போனார்கள். முதல் ஆள் துடிக்க ஆரம்பித்தபோது கடைசி ஆளுக்கும் ஊசி இறங்கியிருந்தது. ஆறு பேருக்கும் உறுப்புகள் செயலிழந்தன. ஆறு பேரும் பிழைத்ததே பெரிது. மருந்து தயாரித்ததிலோ கலந்ததிலோ கொடுத்ததிலோ இதற்குக் காரணமான பிழை இல்லை என்றுதான் விசாரணை சொன்னது.

அந்த இடைவெளியை ஒரு நாளாக்கியிருந்தால் ஒருவரோடு போயிருக்கும். உங்கள் நாவலில் இப்படி ஒரு இடைவெளியைத் தேடுங்கள்.

8. இடமும் நேரமும்

இடி, மின்னல், மின்வெட்டு, காலியான தாழ்வாரம். என்னிடம் வந்த கைப்பிரதிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் தொடங்கின. மருத்துவமனையில் மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓடும். இரவிலும் விளக்கு எரியும், மானிட்டர் கத்தும், யாரோ ஒருவரின் பாட்டி தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பார்.

உங்கள் மிகக் கொடூரமான காட்சியைக் காலை பதினொரு மணிக்கு, புறநோயாளிக் கூட்டத்தின் நடுவில் வையுங்கள். டோக்கன் எண் கூப்பிடுகிறார்கள், குழந்தை அழுகிறது, கேன்டீன்காரர் டீ டிரேயோடு வழி கேட்கிறார், அந்த நெரிசலில் ஒருவர் தன் சொந்த மகளைப் பார்த்து, "நீங்கள் யார் கூட வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்.

9. உடம்பை எழுதும் முறை

இரத்தத்தைக் குறையுங்கள். நோயை அந்த ஆளின் தொழிலுக்குள் கொண்டுபோங்கள்.

தையல் ஆசிரியை சாக்கட்டிக் கோட்டின் மேல் கத்தரி ஓட்டுகிறார். கத்தரி கோட்டை விட்டு விலகுகிறது. ஊசியில் நூல் கோக்க மாணவியைக் கூப்பிடுகிறார். மெரூன் துணியையும் பழுப்புத் துணியையும் மாற்றி வெட்டிவிடுகிறார். கண்ணில்தான் கோளாறு என்று கண்ணாடி மாற்றுகிறார்கள். சி.ஜே.டி.யில் சிலருக்குப் பார்வைக் குழப்பமே முதலில் வரும், அவர்கள் கண் மருத்துவரிடம்தான் போய் நிற்பார்கள். கண்புரை அறுவைக்குத் தேதி கொடுத்தால், ஐந்தாம் படியில் காலியாக விட்ட கட்டம் இங்கே வந்து மோதுகிறது.

பிறகு நடை தடுமாறும். அதன்பின், சத்தம் கேட்டால் உடல் தூக்கிப்போடும். குக்கர் விசில் அடிக்கும் ஒவ்வொரு முறையும். அந்த வீட்டில் குக்கர் வைப்பதையே நிறுத்துகிறார்கள். இதற்குமேல் வர்ணனை தேவையில்லை.

அறிகுறிகளின் வரிசையை மாற்றாதீர்கள், வேகத்தையும் கூட்டாதீர்கள். வாசகர்களில் மருத்துவம் தெரிந்தவர் யாரோ ஒருவர் இருப்பார். அவர் நம்பாததை அடுத்தவரிடமும் சொல்வார்.

10. சொற்கள்

வார்டு, தியேட்டர், டிரிப்ஸ், ஸ்கேன், ஐ.சி.யூ. எல்லாம் அப்படியே இருக்கட்டும். "சிரைவழித் திரவ ஏற்றம்" என்று ஒரு நோயாளியின் தம்பி பேசினால் சிரிப்புதான் வரும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: டாக்டர்கள் இருவர் பேசும்போது நோயின் விளக்கத்தை ஒருவருக்கொருவர் பாடம் நடத்துவது. அவர்களுக்கு அது தெரியும். விளக்கம் வேண்டுமென்றால் தெரியாத ஒருவரைக் காட்சிக்குள் கொண்டுவந்து, அவருக்குப் பாதி மட்டும் புரியவிடுங்கள்.

11. எதைத் தொடக் கூடாது

உறுப்பு தானம். மூளைச்சாவு அடைந்தவர் உள்ளே விழித்திருக்கிறார், உறுப்பைத் திருடுகிறார்கள் என்ற கதை வருடத்துக்குக் குறைந்தது ஐந்து முறை என் மேசைக்கு வருகிறது. நம் நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு மூளைத்தண்டுச் சாவை உறுதி செய்ய வேண்டும். சோதனையைக் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை செய்ய வேண்டும். உறுப்பைப் பொருத்தப் போகிறவர்கள் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. இதெல்லாம் தெரியாமல் எழுதிய நாவலைப் படித்துவிட்டு எங்கோ ஒரு குடும்பம் கையெழுத்துப் போட மறுத்தால், அந்தக் கணக்கு எழுதியவர் பெயரில்தான் சேரும். பணத்துக்காகச் சிறுநீரகம் வாங்கும் தரகர்களைப் பற்றி எழுதுங்கள். அது வேறு கதை, எழுத நிறையவே இருக்கிறது.

நிஜ மருத்துவமனையின் பெயரும் வேண்டாம். ஊர் பெயரைக்கூட அது எந்தக் கட்டடம் என்று தெரியாத அளவுக்கு மாற்றுங்கள்.

12. சரிபார்க்கக் கொடுப்பது

முதல் வரைவு முடிந்ததும் ஒரு மாதம் மூடி வையுங்கள். பிறகு முதல் படியில் சொன்ன அதே ஊழியரிடம் கொடுங்கள், அச்செடுத்து, பென்சிலோடு. "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "எந்தப் பக்கத்தில் சிரித்தீர்கள்?" என்று கேளுங்கள். அங்கேதான் தவறு.

இந்தக் கருவித் தொகுப்புக் கதையை நான் எழுதியபோது, நிர்வாகத்தின் உத்தரவு வந்ததும் சி.எஸ்.எஸ்.டி. ஊழியர் கருவிகளைப் பதறிப்போய்க் குப்பையில் வீசுவதாக எழுதியிருந்தேன். படித்த டெக்னீஷியன் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரே வரி எழுதித் திருப்பிக் கொடுத்தார்: "வீச மாட்டோம் சார். மறுபடி ஒருமுறை ஆட்டோகிளேவில் போடுவோம். டேப் கறுத்துதான் வரும்."